18 கிகாஹெர்ட்ஸ், 12 கிலோமீட்டர்: இரண்டு மென்பொருள்கள் இரண்டு விடை சொல்கின்றன

புதுக்கம்பம் எழுதியது:

வணக்கம். மைக்ரோவேவ் இணைப்பு வடிவமைப்புக்கு வந்து எட்டு மாதங்கள்தான் ஆகின்றன. இதுவரை மற்றவர்கள் வரைந்த வடிவமைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது முதன்முறையாக முழு இணைப்பையும் என்னிடமே விட்டிருக்கிறார்கள்.

விவரம் இதுதான். தூரம் 12 கிலோமீட்டர். அலைவரிசை 18 கிகாஹெர்ட்ஸ், 28 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஒரு முனை டவர். ஆண்டெனா 30 மீட்டரில். மறுமுனை ஒரு கட்டடத்தின் மாடி. தரையிலிருந்து 18 மீட்டர். இரு முனையிலும் 0.6 மீட்டர் டிஷ், அதன் பெருக்கம் 38.5 டிபிஐ. அனுப்பும் திறன் 20 டிபிஎம். வானிலை தெளிவாக இருக்கும்போது வாங்கும் முனையில் -43 டிபிஎம் கிடைக்கும் என்று கணக்கு வருகிறது. ரேடியோ வேலை செய்யத் தேவையான குறைந்தபட்ச அளவு, மெதுவான ஆனால் உறுதியான கியூபிஎஸ்கே பண்பேற்றத்தில் -87, வேகமான 256 குவாம் பண்பேற்றத்தில் -68. அதாவது கியூபிஎஸ்கேயில் ஃபேட் மார்ஜின் (சமிக்ஞை எவ்வளவு மங்கினாலும் தாங்கும் என்ற உபரி) 44 டெசிபல்.

இதே எண்களை இரண்டு மென்பொருள்களில் உள்ளிட்டேன். ஒன்று இணைப்பு ஆண்டில் 99.995 விழுக்காடு நேரம் கிடைக்கும் என்கிறது, அதாவது 26 நிமிடத் தடை. மற்றொன்று 99.98 என்கிறது, கிட்டத்தட்ட 105 நிமிடம். இணைப்பு ஒன்று, ரேடியோ ஒன்று, விடையில் மட்டும் நான்கு மடங்கு வித்தியாசம். வாடிக்கையாளர் கேட்பது 99.99. ஒரு மென்பொருளை நம்பினால் தேர்ச்சி, மற்றதை நம்பினால் தோல்வி. எதை நம்புவது?

மழைக்கணக்கு எழுதியது:

எதை நம்புவது என்பதை ஒதுக்கிவிட்டு, இரண்டும் என்ன கணக்குப் போட்டன என்று பாருங்கள். 18 கிகாஹெர்ட்ஸில் 12 கிலோமீட்டர் என்றால் மழைதான் எஜமானன். அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் மூன்று விஷயங்கள் இருக்கும். தேடி எடுத்து இங்கே போடுங்கள்: 0.01 விழுக்காடு நேரத்துக்கான மழை வீதம் (ஆண்டில் அவ்வளவு நேரம் மட்டுமே தாண்டும் மழை) எவ்வளவு, போலரைசேஷன் (அலை செங்குத்தாக அதிர்கிறதா, கிடையாகவா) என்ன, இணைப்புக் கணிப்புக்கான சூத்திரங்களைத் தரும் பி.530 என்ற ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையின் எந்தப் பதிப்பு.

புதுக்கம்பம் எழுதியது:

மழை வீதம் இரண்டிலும் 95 மி.மீ./மணி. அதை நானே கையால் இட்டேன். போலரைசேஷன்... முதலாவதில் செங்குத்து, இரண்டாவதில் கிடை. இதை நான் தேர்ந்தெடுக்கவே இல்லை, அதுவாக வைத்துக்கொண்டிருக்கிறது. பதிப்பைப் பொறுத்தவரை, முதலாவதில் பி.530-10 என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. இரண்டாவதில் பி.530-17.

மழைக்கணக்கு எழுதியது:

கதை முடிந்தது. உங்கள் இரண்டு மென்பொருள்களிலும் பிழை இல்லை. நீங்கள் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். கால்குலேட்டர் இருந்தால் கூடவே போட்டுப் பாருங்கள்.

மழையில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை டெசிபல் போகும் என்பதை ஐடியுவின் பி.838 பரிந்துரை சொல்கிறது. மழை வீதத்தை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். 18 கிகாஹெர்ட்ஸில் செங்குத்துக்கு மாறிலி 0.07708, அடுக்கு 1.0025. கிடைக்கு 0.07078, 1.0818. 95 மி.மீ. மழையில் செங்குத்து 7.4 டெசிபல், கிடை 9.8 டெசிபல். விழும்போது பெரிய மழைத்துளி தட்டையாகிவிடுகிறது. பக்கவாட்டில் அகலம் கூடுவதால் கிடை அலையைக் கூடுதலாகத் தின்கிறது. இந்த ஒரு தேர்விலேயே கிலோமீட்டருக்கு 2.4 டெசிபல் கைமாறிவிட்டது.

அடுத்தது பயனுறு நீளம். கனமழை 12 கிலோமீட்டருக்கும் ஒரே சீராகப் பெய்வதில்லை. மழைக்கூடு சிறியது. ஆகவே முழு நீளத்தையும் எடுக்காமல் ஒரு குறைப்புக் காரணியால் பெருக்குவார்கள். பழைய பதிப்புகளில் அது எளிமையாக இருந்தது: மழை வீதத்தை 0.015-ஆல் பெருக்கி, எதிர்க்குறியோடு e-யின் அடுக்காக்கி, 35-ஆல் பெருக்கினால் ஒரு நீளம் வரும். உங்களுக்கு 8.4 கிலோமீட்டர். அதை வைத்துக் குறைப்புக் காரணி 0.41, பயனுறு நீளம் 4.95 கிலோமீட்டர். செங்குத்தில் மொத்த மழை இழப்பு ஏறத்தாழ 37 டெசிபல். உங்கள் 44 அதைவிட அதிகம். முதல் மென்பொருள் மகிழ்ச்சியோடு 99.995 என்றது.

2012-இல் வந்த பி.530-14 இந்தச் சூத்திரத்தையே மாற்றிவிட்டது. புதியதில் அலைவரிசையும் உள்ளே வருகிறது. அதே 12 கிலோமீட்டருக்குச் செங்குத்தில் பயனுறு நீளம் 6.2 ஆகிறது, இழப்பு 46 டெசிபல். கிடையில் 57. உங்கள் 44 இரண்டுக்குமே போதாது.

ஆக, கிடையைச் செங்குத்தாக மாற்றி புதிய பதிப்பிலேயே ஓட்டினால் 99.989 வரும் என்று நினைக்கிறேன். ஆண்டுக்கு 59 நிமிடம். 99.99 என்பது 52.6 நிமிடம். மயிரிழையில் தோல்வி.

புதுக்கம்பம் எழுதியது:

ஓட்டிப் பார்த்தேன். 99.989. எப்படி ஐயா மென்பொருளைத் திறக்காமலே சொன்னீர்கள்?

மழைக்கணக்கு எழுதியது:

மென்பொருளுக்குள் இருப்பதும் இதே சூத்திரம்தான். மந்திரம் ஒன்றும் இல்லை. ஐடியு பரிந்துரைகளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பைத்தான் தெரிந்தால் ஐடியு-ஆர்பை என்று ஒரு திறமூல நூலகம் இருக்கிறது, பி.837, பி.838, பி.530 எல்லாம் அதில் உண்டு. பெரிய மென்பொருள் எது சொன்னாலும் அதில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது என் வழக்கம்.

ஊசிமுனை எழுதியது:

புதிய பதிப்புதான் சரி என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா? பழைய சூத்திரத்தை வைத்துப் போட்ட ஆயிரக்கணக்கான இணைப்புகள் இன்றும் நின்று வேலை செய்துகொண்டிருக்கின்றன. நான் போட்டவையே நூற்றுக்கு மேல் இருக்கும். ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

மழைக்கணக்கு எழுதியது:

நியாயமான கேள்வி. ஆனால் "நின்று வேலை செய்கிறது" என்பதும் "ஆண்டுக்கு 26 நிமிடம்தான் விழுந்தது" என்பதும் ஒன்றல்ல. அந்த நூறு இணைப்புகளில் எத்தனைக்கு மழைக்காலம் முழுவதும் வாங்கும் அளவைப் பதிவுசெய்து, ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தீர்கள்? விழுந்தால் அரை மணியில் தானே எழுந்துவிடும். "மழையால் தடை" என்று எழுதிச் சீட்டை மூடிவிடுவார்கள். 26 நிமிடமா 59 நிமிடமா என்று யாரும் கேட்பதில்லை.

ஊசிமுனை எழுதியது:

பதிவு செய்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், ஒன்பது பத்து டெசிபல் கூடுதலாகக் கேட்கிற மாதிரி ஒன்று வந்துவிட்டது என்பதற்காக எல்லா டிஷ்ஷையும் பெரிதாக்கினால் டவர்காரன் அடிக்க வருவான். 0.6 மீட்டரிலிருந்து 1.2-க்குப் போனால் காற்றுக்கு முகம் கொடுக்கும் பரப்பு நான்கு மடங்கு. அதை எந்த மழை மாதிரியும் கணக்கில் எடுப்பதில்லை.

டெசிபல்தாத்தா எழுதியது:

இரண்டு பேரும் மழையிலேயே நனைந்துகொண்டிருக்கிறீர்கள். நான் முதலில் கேட்க நினைத்தது வேறு. தம்பி, பார்வைக்கோடு தெளிவாக இருக்கிறதா? நீங்கள் இதுவரை சொன்னவற்றில் நிலப்பரப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

புதுக்கம்பம் எழுதியது:

இருக்கிறது ஐயா. எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவை இறக்கிப் போட்டேன். வழி நெடுகிலும் சமதளம். ஃபிரெனல் மண்டலத்துக்கு (பார்வைக்கோட்டைச் சுற்றி அலைக்குத் தேவையான வெற்றிடம்) கீழே தாராளமாக இடம் இருக்கிறது. மென்பொருள் பச்சைக் குறி காட்டியது.

டெசிபல்தாத்தா எழுதியது:

பச்சைக் குறி! அந்தப் பச்சைக் குறியை நம்பி நான் ஒரு முறை இரண்டு நாள் டவர் உச்சியில் உட்கார்ந்திருக்கிறேன்.

எஸ்ஆர்டிஎம் என்பது என்ன? 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினொரு நாள் பறந்து ரேடாரால் எடுத்த உயரத் தரவு. இரண்டு சங்கதிகளை மறக்காதீர்கள். ஒன்று, அது கால் நூற்றாண்டுப் பழசு. அதற்குப் பிறகு எழுந்த கட்டடமும் வளர்ந்த மரமும் அதில் இல்லை. இரண்டு, அந்த ரேடாரின் அலைநீளம் 5.6 செ.மீ. அடர்ந்த மரம் இருந்தால் தரைவரை போகாது, உச்சியிலேயே நின்றுவிடவும் செய்யாது. நடுவில் எங்கேயோ பட்டுத் திரும்பும். ஆகவே காட்டில் அது காட்டும் எண் தரையும் அல்ல, மர உச்சியும் அல்ல. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 30 மீட்டர் இடைவெளி என்பதால், நடுவில் நிற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி மாயமாய் மறைந்துவிடும்.

இப்போது உங்கள் இணைப்பைப் பார்ப்போம். டவரிலிருந்து 4 கிலோமீட்டரில் கோடு எங்கே இருக்கிறது? 30-இலிருந்து 18-க்கு இறங்குகிறது. அந்த இடத்தில் 26 மீட்டர். பூமியின் வளைவு, காற்றில் அலை வளைவதைக் குறிக்கும் கே என்ற காரணியை 4/3 என்று வைத்தால், கிட்டத்தட்ட 1.9 மீட்டரைத் தின்றுவிடும். மீதி 24. ஃபிரெனல் முதல் மண்டலத்தின் ஆரம் அங்கே 6.7 மீட்டர். வெறும் தரையென்றால் தாராளம்தான். ஆனால் அங்கே 20 மீட்டர் உயரத்தில் ஒரு மரவரிசை இருந்தால்? 4 மீட்டர் மிச்சம். ஃபிரெனலில் அறுபது விழுக்காடு. நூலிழையில் தொங்குகிறது. ஒளிவிலகல் கெட்டு கே 0.7-க்கு இறங்கும் ஓர் இரவில் வளைவு 3.6 மீட்டராகும். அப்போது மிச்சம் இரண்டரை மீட்டர்கூட இல்லை.

எனவே போய்ப் பாருங்கள். பைனாகுலர், ஜிபிஎஸ், உயரமானி மூன்றும் எடுத்துக்கொண்டு முழு வழியையும் ஒரு முறை வண்டியில் ஓட்டுங்கள்.

வரைபடப்பித்தன் எழுதியது:

தாத்தா சொன்னதில் ஒரு சிறு சேர்க்கை. இப்போது எஸ்ஆர்டிஎம்மைவிடப் புதிய தரவு இலவசமாகக் கிடைக்கிறது. கோப்பர்நிக்கஸ் ஜிஎல்ஓ-30 இருக்கிறது. டான்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள்கள் 2011 முதல் 2015 வரை எடுத்த அளவீட்டிலிருந்து செய்தது. அதுவும் மேற்பரப்பு மாதிரிதான், மரத்தையும் கட்டடத்தையும் ஓரளவு சேர்த்துத்தான் காட்டும். ஆனால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வித்தியாசம் பார்த்தால், புதிதாக எழுந்த தோப்பு எங்கே என்று துலங்கும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று, இதில் பலரும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜிபிஎஸ் கருவியில் தெரியும் உயரம் எந்த அடிப்படையில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில கருவிகள் பூமியின் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து உயரம் சொல்லும். வரைபடமும் எஸ்ஆர்டிஎம்மும் கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்டிலிருந்து சொல்லும். உலகின் சில பகுதிகளில் இரண்டுக்கும் இடையே 100 மீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் உண்டு. இரண்டு முனைக்கும் ஒரே தவறு நடந்தால் கோடு முழுவதும் ஒரே அளவு ஏறும் அல்லது இறங்கும். உடனே கண்ணில் படும். ஒரு முனைக்கு ஜிபிஎஸ் எண்ணும் மறுமுனைக்கு வரைபட எண்ணும் போட்டுவிட்டால் கோடு சாய்ந்துவிடும். பார்க்க இயல்பான கோடுபோலவே இருக்கும், தவறு கண்ணில் படாது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படி ஒரு வடிவமைப்பு மூன்று பேர் கையெழுத்தோடு வெளியே போனது. குற்றவாளிகளில் நானும் ஒருவன்.

ஊசிமுனை எழுதியது:

ஆள்கூறு வடிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாகை-நிமிட-விநாடியில் இருப்பதைத் தசமப் பாகை என்று நினைத்து ஒட்டுகிற நோய். ஒரு விநாடி என்பது 31 மீட்டர். நகரக் கட்டடத்தில் அது பக்கத்துக் கட்டடத்துக்குப் போவதற்குச் சமம்.

தனியலை எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் வானொலி ஆர்வலன். ரேடியோ மொபைல் மட்டுமே தெரியும். ரோஜர் கூடே என்ற கனடாக்காரர் எழுதி இலவசமாகக் கொடுத்துவரும் மென்பொருள். இந்த வேலைக்கு அது போதாதா? எல்லாரும் விலை கொடுத்து வாங்கும் மென்பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள்.

டெசிபல்தாத்தா எழுதியது:

ரேடியோ மொபைல் அருமையான மென்பொருள். நான் இன்றும் முதல் பார்வைக்கு அதைத்தான் திறக்கிறேன். வழியின் குறுக்குவெட்டு, ஃபிரெனல், பரவல் வரைபடம் எல்லாம் நன்றாக வரும்.

ஆனால் அதன் அடிப்படை லாங்லி-ரைஸ் மாதிரி. 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20 கிகாஹெர்ட்ஸ் வரை என்று எழுதியிருப்பதால் 18-க்கும் செல்லும் என்று தோன்றும். அது கணிப்பது நிலப்பரப்பால் வரும் இழப்பையும் அதன் ஏற்ற இறக்கத்தையும். மழைக்கு அந்த மாதிரியில் இடமே இல்லை. நம்பகத்தன்மை 99 விழுக்காடு என்று அது சொன்னால், நம் ஆள் கேட்கும் 99.99-க்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. 7 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே மழை பெரிதாக ஒன்றும் செய்யாது என்பதால் அங்கே தப்பிக்கலாம். 18-இல் முடியாது.

தனியலை எழுதியது:

புரிந்தது, நன்றி. அப்படியானால் பணம் கொடுக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது.

மழைக்கணக்கு எழுதியது:

அவசியம் இல்லை. கேம்பியம் என்ற ரேடியோ தயாரிப்பாளரின் லிங்க்பிளானர் இலவசம், பி.530-ஐ ஒட்டிய கணக்கும் போடுகிறது. ஆனால் அவர்கள் ரேடியோக்களுக்கு மட்டும்தான். தயாரிப்பாளர் கொடுக்கும் எல்லாக் கருவிகளுக்கும் இந்தக் கடிவாளம் உண்டு. பாத்லாஸ் போன்ற மென்பொருள்களுக்குப் பணம் கொடுப்பது முக்கியமாக மூன்று காரணங்களுக்காக: எந்த நிறுவனத்தின் ரேடியோ, ஆண்டெனா கோப்பையும் ஏற்றலாம், மாதிரியை நாமே தேர்ந்தெடுக்கலாம், பி.530 வேண்டுமா விகண்ட்ஸ்-பார்னெட் வேண்டுமா, மழைக்கு ஐடியு மாதிரியா கிரேன் மாதிரியா என்று. நூறு இணைப்புகளுக்கு இடையே குறுக்கீடு பார்க்கலாம். ஒரே ஓர் இணைப்புக்கு இந்த மூன்றாவது தேவைப்படாது. வலையமைப்பு வளர்ந்தால் அதுதான் எல்லாமே. ஒரே டவரில் ஓர் இணைப்பு மேல்பாதி அலைவரிசையில் அனுப்ப, பக்கத்து இணைப்பு அதே பட்டையில் கீழ்பாதியில் அனுப்பினால் அங்கே நடக்கும் கூத்தைக் கால்குலேட்டரில் கண்டுபிடிக்க முடியாது.

ஊசிமுனை எழுதியது:

மாதிரியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது வரமும் சாபமும். விகண்ட்ஸ்-பார்னெட் என்றீர்கள், அதையே எடுத்துக்கொள்வோம். 1970-களில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. பல்வழி மங்கலுக்கான (ஒரே அலை பல வழிகளில் வந்து தன்னையே பலவீனமாக்குவது) சூத்திரம். அலைவரிசை, தூரத்தின் மும்மடி, இவற்றோடு நிலத்துக்கும் காலநிலைக்கும் சேர்த்து சி என்ற ஒரே காரணி. மலைப்பாங்கான வறண்ட நிலம் 0.25, சராசரி நிலம் 1, நீர்ப்பரப்பு 4.

நான் செய்த ஒன்று: 7.5 கிகாஹெர்ட்ஸ், 40 கிலோமீட்டர், மார்ஜின் 40 டெசிபல். சி 1 என்று போட்டால் மோசமான மாதத்தில் 75 விநாடித் தடை. 4 என்று போட்டால் 300 விநாடி. வழியில் பாதி சதுப்பு நிலம், பாதி வயல். அது 1-ஆ 4-ஆ? வாடிக்கையாளர் கேட்கும் எண் வரும்வரை சி-யைத் திருகியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய ரேடியோவில் குரல் கட்டுப்பாட்டைத் திருகுவதுபோல.

டெசிபல்தாத்தா எழுதியது:

அந்த 40 கிலோமீட்டர் இணைப்பில் வளைவு நடுவில் எவ்வளவு வந்தது?

ஊசிமுனை எழுதியது:

கே 4/3-இல் 23.5 மீட்டர். கே 0.67-க்குப் போனால் 47. ஃபிரெனல் ஆரம் 20 மீட்டர். 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வெப்பமண்டல வழிக்கு பி.530 கேட்பது, கே மிகக் குறையும் நேரத்திலும் ஃபிரெனலில் 0.6 மிச்சம் இருக்க வேண்டும் என்று. மிதவெப்ப நாட்டில் தனித்த ஒரு தடை என்றால் தொட்டுக்கொண்டு போனாலும் போதும் என்கிறது. காலநிலை என்ற ஒரு சொல்லால் டவர் உயரம் 12 மீட்டர் மாறுகிறது. மென்பொருளில் அந்தச் சொல் ஒரு கீழ்விரி பட்டியலில் மூலையில் கிடக்கிறது.

நம் புதுக்கம்பத்தின் 12 கிலோமீட்டருக்கு இதெல்லாம் பெரிய தலைவலி இல்லை. திசைமாறிவிட்டேன்.

புதுக்கம்பம் எழுதியது:

இல்லை, எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறேன். நாளை மறுநாள் வழியைப் பார்க்கப் போகிறேன். அதுவரை ஒரு கேள்வி. ரேடியோ தகவமைப் பண்பேற்றம் உடையது. மழை வந்தால் 256 குவாமிலிருந்து கியூபிஎஸ்கேவரை இறங்கும். வாடிக்கையாளர் 99.99 என்று கேட்டது எந்தப் படிக்கு?

மழைக்கணக்கு எழுதியது:

அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்காமல் வடிவமைப்பவர்கள்தான் அதிகம். 28 மெகாஹெர்ட்ஸில் 256 குவாம் என்றால் ஏறத்தாழ 180 மெகாபிட், கியூபிஎஸ்கே என்றால் 40. உங்கள் 256 குவாம் மார்ஜின் 25 டெசிபல்தான். செங்குத்தில் ஆண்டுக்கு நான்கு மணி நேரம் அந்தப் படி கிடைக்காது. கியூபிஎஸ்கே 59 நிமிடம் கிடைக்காது. வாடிக்கையாளர் "180 மெகாபிட்டுக்கு 99.99" என்று நினைத்துக்கொண்டிருந்தால் இந்த இணைப்பு எந்த டிஷ்ஷாலும் தேறாது, தூரத்தைப் பிரித்து நடுவில் ஒரு நிலையம் வைக்க வேண்டும், அல்லது அலைவரிசையைக் கீழே கொண்டுபோக வேண்டும். "எதுவானாலும் 40 மெகாபிட் உயிரோடு இருக்கட்டும்" என்றால் சமாளிக்கலாம்.

எழுத்தில் வாங்குங்கள். இரண்டு வரிகள் போதும்.

வரைபடப்பித்தன் எழுதியது:

அறிக்கையில் ஒவ்வொரு பண்பேற்றத்துக்கும் தனி வரி வருமாறு செய்யுங்கள். சில மென்பொருள்கள் மிகக் கீழ்ப்படியை மட்டும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடும். விற்பனைக்காரருக்கு அந்தப் பக்கம் மட்டும் போய்ச் சேரும். பிறகு நடப்பதை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

புதுக்கம்பம் எழுதியது:

வழியைப் பார்த்துவிட்டு வந்தேன். தாத்தாவுக்குக் கோடி நமஸ்காரம்.

டவரிலிருந்து 4.2 கிலோமீட்டரில் யூக்கலிப்டஸ் தோப்பு. உயரமானி 19 மீட்டர் காட்டுகிறது. பக்கத்தில் கேட்டேன், நட்டுப் பத்தாண்டுகூட ஆகவில்லையாம், இன்னும் வளருமாம். எஸ்ஆர்டிஎம்மில் அந்த இடம் உள்ளங்கைபோல இருக்கிறது. கோப்பர்நிக்கஸை மேலே வைத்துப் பார்த்தேன், அதிலும் இல்லை.

வாடிக்கையாளரிடமும் பேசினேன். 40 மெகாபிட்டுக்கு 99.99, 180-க்கு "முடிந்தவரை". எழுத்தில் வாங்கிவிட்டேன்.

டெசிபல்தாத்தா எழுதியது:

என்னிடம் ஏதோ ஞானக்கண் இருப்பதாக நினைக்க வேண்டாம். மரம் எங்கும் இருக்கும், அவ்வளவுதான். டவரில் மேலே இடம் இருக்கிறதா?

புதுக்கம்பம் எழுதியது:

36 மீட்டரில் காலி இடம் இருக்கிறது. அங்கே ஏற்றினால் தோப்பு இருக்கும் இடத்தில் கோடு கிட்டத்தட்ட 4 மீட்டர் உயர்கிறது. மரத்தை 23 மீட்டர் என்று வைத்து, அதாவது 4 மீட்டர் வளர்ச்சி சேர்த்து ஓட்டினேன். அப்போதும் ஃபிரெனலில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு மிஞ்சுகிறது. டவர் முனையில் 1.2 மீட்டர் டிஷ், மாடியில் பழைய 0.6. அதனால் 6 டெசிபல் கூடி மார்ஜின் 50. பி.530-17, செங்குத்து, 95 மி.மீ.: 99.992. ஆண்டுக்கு 41 நிமிடம்.

ஊசிமுனை எழுதியது:

மாடிக் கம்பத்தைத் தொடாமல் டவரில் மட்டும் பெரிதாக்கியது நல்ல முடிவு. டவர் தாங்குமா என்று கட்டமைப்புக் கணக்குப் போடும் ஆளிடம் எழுத்தில் வாங்குங்கள். நீங்களே "தாங்கும்" என்று எழுதிவிடாதீர்கள்.

1.2 மீட்டரின் கற்றை அகலம் 18-இல் ஏறத்தாழ ஒரு பாகை. திசை அமைக்கும்போது கவனம். வடிவமைப்பு -37 டிபிஎம் என்றால் -37-க்கு இரண்டு டெசிபல் இங்கே அங்கே வர வேண்டும். -58, -60 என்று வந்து, திருகத் திருகக் குறையத்தான் செய்கிறது என்றால், நீங்கள் பக்கவாட்டுக் கதிரின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கேயே போல்ட்டை முடுக்கிவிட்டு "மென்பொருள் தவறு" என்று அறிக்கை எழுதியவர் ஒருவரை எனக்குத் தெரியும். இடமும் வலமும் முழுதாக ஓட்டி, மூன்று மேடுகளையும் பார்த்து, நடு மேட்டில் நிறுத்துங்கள்.

தனியலை எழுதியது:

அந்த ஒருவர் யார் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது :)

ஊசிமுனை எழுதியது:

ஊகம் சரி. இளமைக்காலம்.

மழைக்கணக்கு எழுதியது:

ஒரு வேண்டுகோள். அறிக்கையில் 99.992 என்று மட்டும் எழுதாமல், அதன் கீழேயே மாதிரியின் பதிப்பு, மழை வீதம், அது எங்கிருந்து வந்தது, போலரைசேஷன், மரத்துக்கு எவ்வளவு வளர்ச்சி சேர்த்தீர்கள் என்று ஐந்து வரி எழுதுங்கள். அந்த 95 எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நான் இன்னும் கேட்கவில்லை. உலகை எழுத்துப் பெயரிட்ட மழை மண்டலங்களாகப் பிரித்த பழைய ஐடியு அட்டவணையில் 'என்' (N) என்ற மண்டலத்துக்கு 95 என்று இருக்கும். அங்கிருந்து எடுத்திருப்பீர்கள் என்று சந்தேகம். பக்கத்து மண்டலமான 'பி'-க்கு (P) அதே அட்டவணை 145 என்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் 95, அந்தப் பக்கம் 145. மழைக்குக் கோடு தெரியாது. 2017-இல் வந்த பி.837-7 மண்டலங்களை வைத்துக் கணக்குப் போடுவதில்லை, ஆள்கூறு கொடுத்தால் அந்த இடத்துக்கே எண் தருகிறது. அதை ஒரு முறை பாருங்கள்.

புதுக்கம்பம் எழுதியது:

அட்டவணையிலிருந்துதான் எடுத்தேன். பி.837-7-இல் போட்டுப் பார்த்தேன், 88 வருகிறது. நல்லவேளை, கீழே வந்தது. இருந்தாலும் 95-ஐயே வைத்துக்கொள்கிறேன். இரண்டு எண்ணையும் அறிக்கையில் போடுகிறேன்.

புதுக்கம்பம் எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். இணைப்பு எழுந்துவிட்டது. அளந்தது -38.4. வடிவமைப்பு -37.1. முதல் நாள் -59-இல் நின்றோம். ஊசிமுனை சொன்னதை நினைத்து வலப்பக்கம் முழுதும் ஓட்டச் சொன்னேன், நடு மேடு கிடைத்தது. மேலே இருந்த நண்பர் அரை மணி திட்டினார், பிறகு டீ வாங்கித் தந்தார்.

வாங்கும் அளவை ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை பதிவுசெய்ய ஏற்பாடு செய்திருக்கிறேன். இன்னும் பெரிய மழை பெய்யவில்லை.

மழைக்கணக்கு எழுதியது:

ஒரு நிமிடம் போதாது. கனமழையில் அளவு விநாடிக் கணக்கில் இறங்கும். பத்து விநாடிக்கு மாற்றுங்கள். முதல் பெருமழை முடிந்ததும் கோப்பை இங்கே போடுங்கள், இரண்டு சூத்திரத்தோடும் வைத்துப் பார்க்கலாம். ஊசிமுனையும் வரட்டும்.

ஊசிமுனை எழுதியது:

வருகிறேன். பழையதுதான் ஜெயிக்கும்.